பெல்ட் கத்துகிறது, பழுது எங்கே?

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு புனே திரும்பிக்கொண்டிருந்தேன். விரைவுச்சாலையை விட்டுப் பழைய நெடுஞ்சாலையில் வந்தது அவர் விருப்பத்திற்காகவே. மழைக்காலத்துப் போர் காட்டின் அருவிகளை, மருத்துவர் தந்த கறுப்புக் கண்ணாடி வழியாகவேனும் பார்த்துவிட வேண்டும் என்றார். கோபோலியைக் கடந்து, லாரி ஓட்டுநர்கள் காசு போட்டு வணங்கிச் செல்லும் ஷிங்ரோபா கோயிலையும் தாண்டிச் சற்றுத் தூரம் ஏறியிருப்போம். எஞ்சின் பகுதியிலிருந்து சாட்டையடி போல ஓர் ஓசை எழுந்தது. அடுத்த கணமே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. வளைவில் வண்டியைத் திருப்ப இரு கைகளின் வலிமையும் போதவில்லை.

எப்படியோ ஓரங்கட்டினேன். அதற்குள் எஞ்சின் வெப்பங்காட்டும் முள் நடுக்கோட்டை விட்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. உடனே எஞ்சினை நிறுத்தினேன். அந்த ஒரு செயல்தான் அன்று எனக்குப் பெருஞ்செலவைத் தவிர்த்தது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இது திடீரென வந்த பழுதா என்றால் இல்லை. மூன்று மாதங்களாக வண்டி என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் அந்த மொழி விளங்கவில்லை.

ஏப்ரல் மாதத்தில் முதன்முதலாகக் குருவி கத்துவது போல் ஒரு கீச்சொலி கேட்டது. எஞ்சின் வேகம் கூடக் கூட ஓசையும் வேகமாக அடுக்கடுக்காக வந்தது. அக்கம்பக்கத்துப் பணிமனையில் காட்டினேன். வண்டி ஒன்பது ஆண்டு ஓடியது, டீசல், 78,000 கிலோமீட்டர் கடந்தது. ‘பெல்ட் பழசு’ என்று புதிய பெல்ட் மாட்டினார்கள். ஓசை நின்றது. ஐந்து வாரங்களில் மீண்டும் வந்தது. இரண்டாவது பெல்ட் மாட்டினார்கள். கழற்றியதை ஒரு பையில் சுற்றி டிக்கியில் போட்டார்கள். அதுவும் கத்தத் தொடங்கவே, மூன்றாம் முறை ஏதோ ஒரு குப்பியிலிருந்து பெல்ட்டின் மேல் தெளித்தார்கள். ஒரு வாரம் அமைதி. அதன்பின் ஜூன் நடுவில் மழை தொடங்கியது. கீச்சொலி அடியோடு மறைந்தது. வண்டி தானாகவே குணமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி எவ்வளவு பேதைமையானது என்பதைக் கோபோலியில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கற்றேன்.

ஒரே பெல்ட், பல வேலை

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களை ஓட்டியவர்கள் ‘ஃபேன் பெல்ட்’ என்ற சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். சரிவகக் குறுக்குவெட்டு கொண்ட அந்தப் பெல்ட் அறுந்தால், மாற்றுப் பெல்ட் ஒன்றை டிக்கியிலிருந்து எடுத்துச் சாலையோரத்திலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் அதன் இடத்தில் அகலமான, தட்டையான, உட்புறம் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளமிட்ட ஒரே பெல்ட் ஓடுகிறது. பாம்பு போல் பல புல்லிகளுக்கிடையே வளைந்து நெளிந்து செல்வதால் அதற்கு ‘செர்ப்பன்டைன் பெல்ட்’ என்று பெயர்.

எஞ்சினின் கிராங்க் தண்டு முனையிலுள்ள புல்லி இதனைச் சுழற்றுகிறது. பெல்ட்டோ மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், ஏசி கம்ப்ரஸரையும், பல வண்டிகளில் குளிர்நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பையும், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் அதன் பம்ப்பையும் இயக்குகிறது. வழியில் திசைமாற்றி விடுவதற்கு ஐட்லர் புல்லி. தளராமல் இழுத்துப் பிடிப்பதற்குச் சுருள்வில் பொருத்திய டென்ஷனர். பெல்ட்டின் முதுகில் 6பிகே 1555 என்பது போல் அச்சிட்டிருப்பார்கள். ஆறு வரிகள், 1555 மில்லிமீட்டர் நீளம் என்பது அதன் பொருள். சில மில்லிமீட்டர் நீளம் கூடிய பெல்ட்டைப் ‘பரவாயில்லை’ என்று மாட்டினால் டென்ஷனர் தன் எல்லைக்குத் தள்ளப்பட்டு, பிடிமானம் குறைந்துவிடும். பணிமனையில் பெல்ட் மாற்றும்போது பழையதன் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கக் கேளுங்கள். இதற்கு எஞ்சின் அறிவு ஏதும் வேண்டியதில்லை.

இதன் உழைப்பைச் சிறு கணக்கால் உணரலாம். கிராங்க் புல்லியின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்று சுழலும்போது பெல்ட் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே நேரத்தில் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆல்டர்னேட்டர் புல்லி நிமிடத்திற்கு 5000 முறை சுழல்கிறது. இவ்வளவு வேகத்தில் ஒரு புல்லி சற்றே சாய்ந்திருந்தாலும், ஒரு பேரிங் சற்றே தேய்ந்திருந்தாலும் ஓசை எழாமல் எப்படி இருக்கும்?

ஓசையைப் பிரித்தறிதல்

கோபோலிக்கு வண்டியை இழுத்துவந்து சேர்த்தபோது பகல் பன்னிரண்டு மணி. மெக்கானிக்குக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். எல்லாரும் அவரைக் காகா என்றே அழைத்தார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன் அவர் என்னிடம் இந்தியில் கேட்ட முதல் கேள்வி, “சாஹேப், எப்படிக் கத்தியது? குருவி போலவா, பன்றி போலவா?” என்பது.

கேலி என்று நினைத்தேன். இல்லை, நோயறியும் முறையே அதுதான். விட்டுவிட்டுத் தாளம் போல வரும் கீச்சொலி ஒருவகை. அது பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் எழுவது. தொடர்ந்து நீண்டு கிறீச்சிடும் ஓசை மற்றொரு வகை. பெல்ட் பிடிமானமின்றி வழுக்குவதால் எழுவது. காலையில் வண்டியைக் கிளப்பிய சில நொடிகளிலோ, ஏசியைப் போட்டவுடனோ, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பும்போதோ கிறீச்சிட்டால் இரண்டாம் வகை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போதுதான் பெல்ட்டின் மேல் சுமை கூடுகிறது. மூன்றாவதாக, உறுமலும் முனகலும். அது பெல்ட்டின் குரலே அன்று; ஏதோ ஒரு புல்லியின் பேரிங் தேய்ந்துவிட்டதன் அடையாளம்.

முதல் இரண்டு வகைகளைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தேவையானது துணி தேய்க்கும்போது நீர் தெளிக்கும் குப்பி மட்டுமே. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஓசை சற்று நேரம் அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகளின் வரிசை பிசகியிருக்கிறது. ஓசை முன்னைவிட உரக்க எழுந்தால் இழுவிசை போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. ஜூன் மழையில் என் வண்டியின் கீச்சொலி நின்றதே, அது குணமடைந்ததனால் அன்று. வானமே எனக்காக அந்தச் சோதனையைச் செய்து, விடையையும் சொல்லியிருக்கிறது. புல்லிகளின் வரிசை பிசகியிருந்தது; ஈரம் ஓசையை மட்டும் மறைத்தது.

பணிமனையில் தெளித்த மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டுக்குப் பிசுபிசுப்பூட்டும் அத்தகைய தெளிப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை வரிகளில் தூசியையும் மணலையும் ஒட்டவைப்பதோடு, நோயின் அடையாளத்தையும் சில நாள் மறைத்துவிடும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் வெப்பமானியை உடைத்துப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்பது என் கருத்து.

காகாவின் கை

மழைத்தாரை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, பெல்ட் இல்லாத எஞ்சினின் ஒவ்வொரு புல்லியையும் காகா கையால் சுழற்றிப் பார்த்தார். நல்ல பேரிங் என்றால் வழவழவென்று ஓசையின்றிச் சுழல வேண்டும். உள்ளே மணல் அரைபடுவது போல் விரலுக்குத் தெரிந்தாலோ, இருபுறமும் அசைத்தால் ஆடினாலோ அது தேய்ந்தது. ஐட்லர் நன்றாக இருந்தது. வாட்டர் பம்ப்பும் நன்றாக இருந்தது. அதன் தண்டின் அடியில் குளிர்நீர் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். ஏசி கம்ப்ரஸர் புல்லியும் குறையின்றிச் சுழன்றது.

பின்னர் கிராங்க் புல்லி. இது பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிவளையத்திற்கும் நடுக்குடத்திற்கும் இடையே ஒரு ரப்பர் அடுக்கு உண்டு. எஞ்சினின் அதிர்வைத் தணிப்பது அதன் வேலை. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் வெடித்து, வெளிவளையம் தனியே நகரத் தொடங்கும். குடத்திலிருந்து வளையம் வரை சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, சில நாள் ஓட்டிய பின் கோடு இரண்டாக விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்; உண்மை வெளிப்பட்டுவிடும். என் வண்டியில் அதுவும் சரியாகவே இருந்தது.

இறுதியாக ஆல்டர்னேட்டர். அதன் புல்லியை ஒரு பக்கம் சுழற்றினார், மறுபக்கம் சுழற்றினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இதோ இருக்கிறான் திருடன்” என்றார்.

டீசல் வண்டிகள் பலவற்றிலும் பெட்ரோல் வண்டிகள் சிலவற்றிலும் ஆல்டர்னேட்டரின் புல்லி வெறும் சக்கரம் அன்று. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தானே ஓடுகிறதல்லவா? அதே ஃப்ரீவீல் ஏற்பாடு இதனுள்ளும் உண்டு. டீசல் எஞ்சின் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது சற்றே விரைந்து, இடையில் சற்றே தளர்ந்து, நொடிக்குப் பலமுறை துடிக்கிறது. ஆல்டர்னேட்டரின் சுழலியோ கனமானது. சுழன்ற வேகத்திலேயே ஓட விரும்புவது. எஞ்சின் தளரும் கணங்களில் அதைத் தன்போக்கில் ஓடவிட்டால்தான் பெல்ட் இழுபடாமல் இருக்கும். நல்ல நிலையில் அந்தப் புல்லி ஒரு திசையில் சுழலியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். எதிர்த்திசையில் தான் மட்டும் எளிதாகச் சுழல வேண்டும். என்னுடையது இருபுறமும் இறுகிப் பிடித்துவிட்டிருந்தது.

அதன்பின் மற்றவை சங்கிலிபோல் விளங்கின. புல்லி இறுகியதால் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் பெல்ட்டை வெட்டி இழுத்தது. அந்த இழுப்பைத் தாங்கித் தாங்கி டென்ஷனரின் கை ஓயாமல் நடுங்கியது. நடுக்கத்தில் அதன் புஷ் தேய்ந்து, கை ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்த புல்லியின் மேல் பெல்ட் விளிம்பு உரசிக் கீச்சிட்டது. மலையேற்றத்தில் சுமை கூடியபோது, நூல் பிரிந்திருந்த பெல்ட் புல்லியை விட்டு எகிறியது. புதிய பெல்ட் இரண்டும் குற்றமற்றவை. குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

எஞ்சின் ஓடும்போது பானெட்டைத் திறந்து டென்ஷனரின் கையைச் சிறிது நேரம் கவனித்திருந்தாலே இது முன்கூட்டித் தெரிந்திருக்கும். அது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். ஊஞ்சல் போல் ஆடினால் டென்ஷனரையும், ஆல்டர்னேட்டர் புல்லியையும், கிராங்க் புல்லியையும் ஐயுற வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வேட்டி, சேலை முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு ஓடும் எஞ்சினின் மேல் குனியாதீர்கள். மின்விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கும். பார்ப்பது நம் வேலை. கைவைப்பது எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகுதான்.

வெடிப்பில்லாத முதுமை

பெல்ட்டின் வயதை எப்படி அறிவது? முன்னாளில் நியோபிரீன் ரப்பரால் செய்த பெல்ட்டுகள் வயதானால் குறுக்கே வெடிக்கும். ஒரு வரியில் மூன்று அங்குல நீளத்திற்குள் மூன்று வெடிப்பு தெரிந்தால் மாற்று என்பது மெக்கானிக்குகளின் வழக்கமான கணக்கு. இன்றுள்ள பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் ரப்பரால் ஆனவை. அவை எளிதில் வெடிப்பதில்லை. மாறாக, சாலைப் புழுதியால் வரிகளின் பக்கங்கள் மெல்ல மெல்ல அரைபட்டு, பள்ளம் அகன்றுகொண்டே போகும். டயர் தேய்வது போலத்தான். பார்வைக்குக் கறுப்பாய்ப் புதிது போலவே இருக்கும். பிடிமானம் மட்டும் போயிருக்கும். இதைக் கண்ணால் அறிவது கடினம். பெல்ட் தயாரிப்பாளர்கள் தரும் சிறிய பிளாஸ்டிக் அளவுகோலை வரிகளில் பொருத்திப் பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

எண்ணெயோ குளிர்நீரோ பட்டு ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை. கசிவை அடைத்த பின்னரே புதியதை மாட்ட வேண்டும். விளிம்பு ஒருபுறம் மட்டும் நூல் பிரிந்திருந்தால் புல்லி வரிசை பிசகியிருக்கிறது. முதுகு கண்ணாடி போல் பளபளத்தால் வழுக்கலால் சூடேறியிருக்கிறது. வரிகளில் துண்டாகக் கடித்தெடுத்தது போல் இருந்தால் கல் சிக்கியிருக்கலாம். நம் ஊர்களில் எலியின் வேலையாகவும் இருக்கலாம்.

பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும் ஐட்லரையும் சோதித்துவிடுவது நல்லது. அவையும் அதே கிலோமீட்டர்களை ஓடியவைதாம். சில கார்களில் டென்ஷனரே இல்லாமல் நீளும் தன்மையுள்ள பெல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் மீண்டும் மாட்டலாகாது. மைல்ட் ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் இதே பெல்ட்தான் நின்ற எஞ்சினை மீண்டும் கிளப்பவும் செய்கிறது. அங்கே ‘ஏறத்தாழப் பொருந்தும்’ பெல்ட்டுக்கு இடமே இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தால்

ஓடும் வண்டியில் பேட்டரி விளக்கு எரிந்தால் ‘பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்று எண்ணுபவர் பலர். ஆல்டர்னேட்டர் மட்டும் பழுதானால் பேட்டரியில் மீதமுள்ள மின்சாரத்தில் சிறிது தூரம் செல்லக்கூடும். பெல்ட்டே போயிருந்து, வாட்டர் பம்ப்பும் அதனால் இயங்குவதாக இருந்தால், சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். மற்றொன்றும் உண்டு. நம் நாட்டில் ஓடும் பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் போனால் இரண்டு மூன்று முறை மிதித்த பின் பிரேக் பெடல் இறுகிவிடும். பிரேக் முற்றிலும் போய்விடாது. ஆனால் மிகுந்த வலுவோடு மிதிக்க வேண்டியிருக்கும். மலையில் ஏறும்போது அன்றி இறங்கும்போது எனக்கு இது நேர்ந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆகவே அபாய விளக்குகளைப் போட்டு, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். வண்டியை இழுத்துவந்த செலவு என் பையிலிருந்து போகவில்லை. பாலிசி புதுப்பிக்கும்போது சாலையோர உதவிக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தேன். புல்லிக்கும் டென்ஷனருக்கும் ஆன செலவு என்னுடையதே. தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான மோட்டார் பாலிசியில் அடங்குவதில்லை. அதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்றைப் பலர் படிப்பதில்லை: பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் தொடர்ந்து ஓட்டி, அதனால் சேதம் பெருகினால், அந்தப் பெருகிய சேதம் முழுதும் உரிமையாளரின் பொறுப்பு. அன்று நான் ‘லோனாவ்லா வரை போய்விடலாம்’ என்று ஓட்டியிருந்தால், பெல்ட் பழுது எஞ்சின் பழுதாகியிருக்கும், காப்பீடும் கைகொடுத்திராது. கார் கடனின் மாதத் தவணைக்கோ, வண்டி பணிமனையில் நிற்பது ஒரு பொருட்டன்று.

காகாவின் மகன் பைக்கில் பன்வேல் சென்று புதிய ஆல்டர்னேட்டர் புல்லியும் டென்ஷனரும் வாங்கிவந்தான். எங்கள் நீளத்துப் பெல்ட் அந்தக் கடையில் இருப்பில்லை. காகா சற்று யோசித்து, “டிக்கியில் பழையது ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். மே மாதத்தில் கழற்றிப் பையில் சுற்றிப் போட்ட, ஐந்தே வாரம் ஓடிய பெல்ட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விளிம்பில் இலேசான பளபளப்பு, வேறு குறையில்லை. புனே வரை போகும், நாளையே புதியது மாட்டிவிடுங்கள் என்று சொல்லிப் பொருத்தினார். எஞ்சினைக் கிளப்பினார். டென்ஷனரின் கை அசையவில்லை. மீட்டரை பேட்டரியில் வைத்துக் காட்டினார்: 14.1 வோல்ட். பின் எனக்காகவே ஒரு குப்பியிலிருந்து பெல்ட்டின் மேல் நீரைத் தெளித்தார். ஓசை கூடவுமில்லை, குறையவுமில்லை. எஞ்சினின் இரைச்சலும் கூரைமேல் மழையும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மீண்டும் மலையேறினோம். பின்னிருக்கையிலிருந்து அம்மா, “இப்போதாவது மெதுவாகப் போப்பா, காலையில் அந்த அருவியைப் பார்க்கவே இல்லை” என்றார்.